நாள் தள்ளிப்போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போகும் முன்பு வரிசையில் நிற்கும்போதே, மாதவிலக்கு தள்ளிப்போவது பற்றிப் பெண்கள் என் காதில் சொல்லும் கேள்விகள் இவை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்டவையும் உண்டு. இவற்றைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ள இவை உதவும்.

சிஸ்டர், எத்தனை நாள் தாண்டினால் தள்ளிப்போனதாக எடுத்துக்கொள்வது?

முதலில் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ரத்தம் பட்ட முதல் நாள்தான் 1-ஆம் நாள். அடுத்த முறை படும் முதல் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறைய. "எனக்கு மாசாமாசம் 10-ஆம் தேதி வரும்" என்று தேதியை வைத்துச் சொல்கிறவர்கள் அதைவிட அதிகம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 31 நாள் மாதங்களில் தேதி முன்னால்தான் நகரும். அதில் கோளாறு எதுவும் இல்லை.

வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்பு. போன மாதம் 27, இந்த மாதம் 32 என்றால் பதற வேண்டாம். வயசுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன பிள்ளைகளுக்கு 45 நாள் வரைகூட இடைவெளி போகலாம். உங்கள் வழக்கமான நாளைத் தாண்டி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் காரணம் தேட ஆரம்பிக்கலாம்.

நாள் ஏன் தள்ளிப்போகிறது? உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கருமுட்டை வெளிவந்து, கரு தங்காவிட்டால், ஏறக்குறைய 14 நாளில் மாதவிலக்கு வந்துவிடும். இந்தப் பிற்பாதி பெரும்பாலும் மாறாது. நீளுவதும் குறுகுவதும் முட்டை வெளிவருவதற்கு முந்திய பாதிதான்.

ஜூன் 1-ஆம் தேதி உங்களுக்கு மாதவிலக்கு, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 வாக்கில் முட்டை வெளிவரும், ஜூன் 29-இல் அடுத்தது வரும். ஜூன் 8-இல் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டீர்கள். முட்டை முதிர்வது தாமதமாகி ஜூன் 25-இல்தான் வெளிவந்தது. அப்படியானால் மாதவிலக்கு ஜூலை 9-இல் வரும். நீங்கள் "10 நாள் தள்ளிப்போச்சு" என்று ஓடி வருவீர்கள். உடம்பின் கணக்கில் அது சரியான நாளில்தான் வந்திருக்கிறது. அதே காய்ச்சல் ஜூன் 20-இல் வந்திருந்தால் தேதி பெரிதாக மாறியிருக்காது.

"பாதுகாப்பான நாள்" கணக்குப் போட்டு நடந்துகொள்கிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். அந்த மாதம் முட்டை எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

கல்யாணமானவள். ஒரு வாரமாக வரவில்லை. முதலில் என்ன செய்ய?

கர்ப்பமா என்று பாருங்கள். வேறு காரணம் இருக்கும் என்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் இதுதான் முதல் படி. கிட் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் காசில்லாமலே பார்த்துச் சொல்வார்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான கப்பில் பிடியுங்கள். கிட்டோடு வரும் சொட்டுக்குழாயில் எடுத்து, அட்டையில் போட்டிருக்கும் அளவு சொட்டு மட்டும் விடுங்கள். 5 நிமிடத்துக்குள் பாருங்கள். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். ஒரு கோடும் விழவில்லை என்றாலோ, சோதனைக் கோடு மட்டும் விழுந்து கட்டுப்பாட்டுக் கோடு விழவில்லை என்றாலோ கிட் கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள். குப்பைக்கூடையில் போட்ட கிட்டை மதியம் எடுத்துப் பார்த்து "இப்ப கோடு தெரியுது" என்று வருவார்கள். காய்ந்தபின் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கிட்டில் இல்லை என்று வந்தது. ஆனாலும் வரவில்லையே?

முட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் கருவும் தாமதமாகவே தங்கியிருக்கும். அப்போது சீக்கிரம் பார்த்த கிட் தவறாக "இல்லை" என்று காட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கடைசியாக உறவு வைத்து 21 நாள் ஆனபிறகு பார்த்த கிட்டில் இல்லை என்று வந்தால் அதை நம்பலாம். அதன்பிறகும் வராவிட்டால் மற்ற காரணங்களைத் தேடுவோம்.

தள்ளிப்போய், இப்போது கொஞ்சமாகப் படுகிறது. ஒரு பக்கம் அடிவயிறு வலிக்கிறது. வந்துவிட்டது என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியில் துளிதான் தெரியும். தலை சுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அபூர்வமாக இது வரும். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று யாரும் இதை ஒதுக்கக் கூடாது.

மெடிக்கலில் "வர வைக்கிற மாத்திரை" கேட்டு வாங்கிப் போடலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அப்படிக் கேட்டால் கடைக்காரர் இரண்டில் ஒன்றைத் தருவார். ஒன்று, புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன். சில நாள் போட்டு நிறுத்தினால், கர்ப்பப்பையின் உள்வரிப் படலம் வளர்ந்திருக்கும் பட்சத்தில், சில நாளில் ரத்தம் படும். டாக்டர்களும் இதை எழுதுவார்கள், தப்பான மருந்து இல்லை. ஆனால் அவர்கள் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏன் நின்றது என்று பார்த்துவிட்டு எழுதுவார்கள். நீங்களே மாதாமாதம் வாங்கிப் போட்டால் ரத்தம் வரும், நின்றதற்கான காரணம் உள்ளேயே இருக்கும். தைராய்டு ஒரு வருடம் கவனிக்கப்படாமல் போகும். வரப்போகும் சர்க்கரைநோய் தெரியாமல் போகும்.

மற்றொன்று கருக்கலைப்பு மாத்திரை. இதைத்தான் நினைத்தாலே எனக்கு நடுங்கும். எத்தனை வாரக் கரு, எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுக்கொண்டு, பாதி கலைந்து, சேலை முழுக்க ரத்தத்தோடு தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கரு குழாயில் இருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் படுவதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடிக்கும். இந்தியாவில் 9 வாரத்துக்குள் உள்ள கருவுக்கு, டாக்டர் மேற்பார்வையில் மட்டும் தர வேண்டிய மருந்து இது.

முதலில் காரணம், பிறகுதான் மாத்திரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கரு வேண்டாம் என்றால்? கல்யாணம் ஆகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா?

பார்க்க வேண்டும். 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. சட்டம் சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ளவர்களுக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். கல்யாணமாகாத பெண்ணை இதிலிருந்து விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கூச்சத்தில் நாள் கடத்துவதுதான் ஆபத்து. சீக்கிரம் வந்தால் எளிதாக முடியும்.

வீட்டில் விசேஷம், கோயில் என்று தள்ளிப்போட மாத்திரை போட்டேன். நிறுத்தியும் வரவில்லை.

நோரெத்திஸ்டிரோன் மாத்திரையாக இருக்கும். நிறுத்திய 2 அல்லது 3 நாளில் பெரும்பாலும் வந்துவிடும். ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். தள்ளிப்போடப் போடும் அளவில் இது கருத்தடையாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கண் முன் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடவே கூடாது. வருஷத்தில் ஒரு தடவை, டாக்டரிடம் கேட்டுப் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஆடி வெள்ளி, தை வெள்ளி, கிரகப்பிரவேசம் என்று அடிக்கடி போட்டால் சுழற்சியே குழம்பும். மாதவிலக்கு நாளில் பூஜையறைக்குப் போகலாமா என்பது அவரவர் வீட்டு முடிவு. அதற்காகப் பெண் தன் உடம்பை மாத்திரையால் வளைக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

அவசரக் கருத்தடை மாத்திரை போட்டேன். அதனால் தள்ளுமா?

தள்ளலாம், முந்தியும் வரலாம். ஒரு வாரம் வரை முன்பின் ஆவது சகஜம். அதற்குமேல் போனால் கிட் வைத்துப் பாருங்கள்.

என் மகள் பிளஸ் டூ. மூன்று மாதமாக வரவில்லை. படிப்பு டென்ஷனா, வேறு ஏதாவதா?

டென்ஷனாக இருக்கலாம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. முட்டை உருவாகும் சூலகத்துக்கு உத்தரவு போவது அங்கிருந்துதான். தூக்கமில்லாமல், சாப்பாடு பாதியாகி, பயத்திலேயே நாள் போகும்போது அது உத்தரவைக் குறைத்துவிடும். நீட் பயிற்சிக்கு விடுதியில் சேர்ந்த பிள்ளைகள், எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டவர்கள், ஓட்டப்பந்தயத்துக்குக் கடுமையாகப் பயிற்சி எடுப்பவர்கள், இரவு ஷிப்டு மாறி மாறிப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும். எடை என்ன ஆயிற்று என்று பாருங்கள். சில மாதத்தில் நன்றாக இறங்கியிருந்தால் பதில் அங்கேதான் இருக்கும், மருந்து சாப்பாட்டில்தான் தொடங்கும்.

ஆனாலும் மூன்று மாதம் என்பது டாக்டரிடம் போக வேண்டிய அளவு. அழைத்து வாருங்கள். அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: டாக்டரோ நாங்களோ பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் கோபப்படாதீர்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் தனியாகத்தான் கேட்போம். அம்மா பக்கத்தில் இருந்தால் அவள் சாப்பாட்டைக் கீழே கொட்டுவதைக்கூடச் சொல்ல மாட்டாள்.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் ஸ்கேன். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்தால் போதும், உள்ளே எதுவும் செய்ய மாட்டார்கள்.

ஸ்கேனில் "நீர்க்கட்டி" (பி.சி.ஓ.டி.) என்று வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பி.சி.ஓ.டி. என்று ஸ்கேனில் தெரிபவை பெரும்பாலும் முதிர்ச்சி அடையாமல் பாதியில் நின்ற முட்டைப்பைகள். வெட்டி எடுக்கிற கட்டி இல்லை. ஸ்கேனை மட்டும் வைத்து முடிவும் செய்யக் கூடாது. மூன்று அடையாளங்களைப் பார்ப்பார்கள். மாதவிலக்கு 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது. முகத்தில் முடி, விடாத பரு அல்லது ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அதிகம். ஸ்கேனில் அப்படித் தெரிவது. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், வேறு நோய் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். வயசுக்கு வந்து சில வருடமே ஆன பிள்ளைகளுக்கு ஸ்கேனை இதில் சேர்க்கவே கூடாது. அந்த வயதில் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் தெரியும்.

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பருமனாக இருப்பவர்களுக்கு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே, பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஒல்லியானவர்களுக்கும் பி.சி.ஓ.டி. வரும், அவர்களை "வெயிட் குறை" என்று விரட்டாதீர்கள்.

பல மாதம் வராமலே விட்டுவிடவும் கூடாது. கர்ப்பப்பை உள்வரிப் படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போய், நாளடைவில் புற்றுநோய்க்கு வழி செய்யலாம். அதனால்தான் 3 மாதத்துக்கு மேல் வராவிட்டால் டாக்டர் மாத்திரை கொடுத்து உதிர வைக்கிறார். பி.சி.ஓ.டி. என்றால் குழந்தையே பிறக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சிகிச்சையோடும் சிகிச்சை இல்லாமலும் பெற்றவர்கள் ஏராளம்.

தைராய்டுக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் சுழற்சி மாறும். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை போதும், கண்டுபிடித்தால் மாத்திரையில் சரியாகிவிடும்.

அதோடு சேர்த்துப் பார்ப்பது புரோலாக்டின். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். குழந்தை இல்லாதபோதே அது ஏறினால் மாதவிலக்கு நிற்கும், சிலருக்கு மார்பில் பால் கசியும். மூளை அடியில் உள்ள பிட்யூட்டரியில் சிறு கட்டி இருந்தாலும் ஏறும், மாத்திரையாலும் ஏறும். எந்த மாத்திரை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் சாப்பாட்டுக்கு முன் போடுகிறோமே, அந்தக் காப்சூல்கள் சிலவற்றில் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். மாதக்கணக்கில் "கேஸ் மாத்திரைதானே" என்று போட்டுக்கொண்டு, மாதவிலக்கு நின்றது ஏன் என்று தெரியாமல் அலைபவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள். மனநல மருந்துகள் சிலவும் இதைச் செய்யும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

பால் கொடுக்கிறேன், இன்னும் தலைக்கு ஊற்றவில்லை. கர்ப்பமாக மாட்டேன்தானே?

குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று குறைந்தாலும் கணக்கு உடைந்துவிடும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஒரு தடவைகூடப் பார்க்காமலே அடுத்ததற்கு வயிற்றில் வாங்கியவர்கள் உண்டு.

அந்தரா ஊசி, சாயா மாத்திரை, காப்பர் டி. இந்தக் கருத்தடை முறைகளால் மாதவிலக்கு நிற்குமா?

அந்தரா 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. போடுகிறவர்களில் பலருக்கு மாதவிலக்கு குறைந்து நின்றுவிடும், கெடுதல் இல்லை. விட்ட பிறகு சுழற்சி திரும்பப் பல மாதம் ஆகலாம், சீக்கிரமே குழந்தை வேண்டும் என்கிறவர்கள் இதைத் தெரிந்து முடிவு செய்யுங்கள். சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. சிலருக்கு இடைவெளி நீளும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் சோதனை செய்யுங்கள். காப்பர் டி மாதவிலக்கை நிறுத்தாது. அது இருக்கும்போது நாள் தள்ளினால் உடனே வாருங்கள். கரு குழாயில் தங்கியதா என்று பார்க்க வேண்டும்.

உடம்பில் ரத்தம் இல்லாததால்தான் வரவில்லை என்கிறார் மாமியார். வராத ரத்தம் தேங்கி விஷமாகுமா?

ரத்தசோகை மட்டும் மாதவிலக்கை நிறுத்துவது வழக்கமில்லை. உண்மை பெரும்பாலும் தலைகீழ்: மாதாமாதம் அதிகம் போவதால்தான் பலருக்கு ரத்தம் குறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; அத்தனை பேருக்கும் மாதவிலக்கு நின்றுவிடவில்லை. ரத்தசோகைக்கு மருந்து எடுங்கள், தள்ளிப்போனதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

வராத ரத்தம் எங்கும் தேங்குவதில்லை. உள்வரி வளர்ந்தால்தான் உதிர ஏதாவது இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மகளுக்கு 15 முடிந்துவிட்டது. இன்னும் வயசுக்கு வரவில்லை.

15 வயது நிரம்பியும் வராவிட்டால், அல்லது 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வளர்ச்சியெல்லாம் இருந்து, மாதம் ஒருமுறை அடிவயிறு வலி மட்டும் வந்து போகிறது என்றால் காத்திருக்கவே வேண்டாம். வெளிவரும் வழியைச் சவ்வு அடைத்திருந்தால் உதிரம் உள்ளேயே சேரும். சிறிய ஆபரேஷனில் சரியாகிவிடும்.

பப்பாளி, எள்ளுருண்டை, அன்னாசி சாப்பிட்டால் வந்துவிடுமா?

எள்ளும் வெல்லமும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். இவை மாதவிலக்கை வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாப்பிட்ட மறுவாரம் வந்தால், அது வரவேண்டிய நாளில் வந்திருக்கிறது. கருஞ்சீரகத்தையோ வேறு மூலிகையையோ அளவில்லாமல் காய்ச்சிக் குடிப்பதை விடுங்கள்.

வயது 44. இரண்டு மாதம் வராது, பிறகு வந்தால் நிற்காது.

மாதவிலக்கு முற்றும் முன்பு இப்படித் தடுமாறும். நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு 40-களின் பின்பாதியில் முற்றும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் முற்றியதாகக் கணக்கு. அதுவரை கரு தங்கும் வாய்ப்பு உண்டு, கிட்டை மறக்காதீர்கள். பட்டால் நிற்காமல் போவதையும் "இந்த வயசில் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் எடுக்க வேண்டும். 12 மாதம் நின்றபின் ஒரு துளி பட்டாலும் வந்துவிடுங்கள். 40-க்கு முன்பே நின்றால் அதுவும் பரிசோதிக்க வேண்டியதே. எலும்பும் இதயமும் அதனால் பாதிக்கப்படும்.

டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தபிறகு குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. ஏன்?

கர்ப்பப்பை உள்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நம் ஊரில் காசநோயும் கர்ப்பப்பையைத் தாக்கி இதே மாதிரி செய்யும்; இருமலே இருக்காது. குழந்தையில்லை என்று வருகிறவர்களிடம் டாக்டர் வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று கேட்பது இதற்காகத்தான். மறைக்காதீர்கள்.

டாக்டரிடம் எப்போது வருவது, வரும்போது என்ன கொண்டுவருவது?

ஒழுங்காக வந்தவர்களுக்கு 3 மாதம், முன்பிருந்தே முன்பின்னாக வருகிறவர்களுக்கு 6 மாதம். அதுவரை காத்திருக்கலாம். கிட்டில் கர்ப்பம் என்று வந்தாலோ, கடும் வலி, மார்பில் பால் கசிவு, விடாத தலைவலியோடு பார்வை மங்கல், குரல் தடித்து முகத்தில் வேகமாக முடி வளர்வது இவற்றில் ஏதாவது இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-இல் கேளுங்கள்.

கடைசி மூன்று நான்கு தடவை வந்த முதல் நாள்களைக் காலண்டரிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும், காலியானதாக இருந்தாலும், நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். மெடிக்கலில் வாங்கி ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம். எந்த நாளில் எத்தனை போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் டாக்டர் அடுத்ததை எழுத முடியும்.